காத்திருப்பும் வேலைதான்: மில் வாசல் பதிலி முதல் விமானி வரை

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுவதும் விமான நிலையங்களில் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். உள்நாட்டு விமானப் பயணத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் கையில் வைத்திருக்கும் இண்டிகோ நிறுவனம், டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. தொலைக்காட்சிகள் பயணிகளின் கோபத்தைக் காட்டின. ஓட்ட ஆள் ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

லட்சங்களில் சம்பளம் வாங்கும் விமானியின் தூக்கத்தைப் பற்றி நமக்கென்ன கவலை என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் கதையின் வேர் விமான நிலையத்தில் இல்லை. அது மதுரை மில் வாசலிலும், ரயில்வே இன்ஜின் கொட்டகையிலும், நம் மக்கள் இறங்கிச் செத்த கழிவுநீர்த் தொட்டியிலும் கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

விமானிகள் கேட்டது என்ன?

விமானிகளின் பணிநேரத்துக்கான புதிய விதிகளை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. வாராந்திரத் தொடர் ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவு என்பது நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை என்று நீண்டது. இரவுப்பணியில் 6 வரை இருந்த தரையிறக்கம் 2 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வர வேண்டிய விதிகள் இவை. நிறுவனங்கள் எதிர்த்தன, தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போன பிறகே 2025 ஜூலை 1, நவம்பர் 1 என இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது.

எந்த விமான நிறுவனத்திலும் அட்டவணைப்படி ஓட்டுகிறவர்கள் போக, ஒரு பகுதி விமானிகள் ‘ஸ்டாண்ட்பை’ என்ற காத்திருப்பில் இருப்பார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மூடுபனியால் ஒரு விமானம் தாமதமாகி அதன் விமானியின் பணிநேரம் முடிந்துவிட்டால், இவர்களைக் கூப்பிடுவார்கள். போன் அடித்தால் கிளம்ப வேண்டும். வெளியூர் போக முடியாது, பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வருகிறேன் என்று உறுதி சொல்ல முடியாது. நிறுவனத்தின் கணக்கில் இவர்கள் செலவு. எனவே காத்திருப்போர் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பார்கள். குறைத்த பாரம் ஓட்டுகிறவர் தலையில் விழும். ஓய்வு விதி இறுகியதும் அந்தக் கணக்கு உடைந்தது.

உடைந்ததும் அரசு என்ன செய்தது? வாராந்திர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையை டிசம்பர் 5 அன்றே திரும்பப் பெற்றது. இரவுப்பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் இருந்தும் ஆள் சேர்க்காத நிறுவனத்தின் நெருக்கடி, கடைசியில் தொழிலாளியின் ஓய்விலிருந்துதான் ஈடுகட்டப்பட்டது.

மில் வாசலில் நின்றவர்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நிறுவிய மதுரா மில், இந்த ஊரை ஆலைத் தொழிலாளர் ஊராக மாற்றியது. 1974இல் கோட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து அது மதுரா கோட்ஸ் ஆனது. பஞ்சாலை உலகத்துக்கு ஒரு சொல் உண்டு: ‘பதிலி’. வடக்கே ‘பத்லி’. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருக்குப் பதிலாக வேலை செய்கிறவர். சங்கு ஊதும் முன்பே வந்து வாசலில் நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் உள்ளே போகலாம். குறையாவிட்டால் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது.

விமானியின் காத்திருப்புக்குச் சம்பளம் உண்டு, பதிலியின் காத்திருப்புக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. ஆனால் முதலாளிக்கு இரண்டும் ஒரே வகையில்தான் பயன்படுகின்றன. ஆலை நிற்காமல் ஓட ஆள் தயாராக இருக்க வேண்டும், அந்தத் தயார்நிலைக்கான விலையைத் தொழிலாளி கொடுக்க வேண்டும்.

சட்டமும் பதிலியைப் பாதி ஆளாகத்தான் பார்த்தது. தொழிற்தகராறுச் சட்டத்தில் 1953இல் லே-ஆஃப் இழப்பீடு சேர்க்கப்பட்டது. வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 50 விழுக்காடு தர வேண்டும் என்றது அது. ஆனால் அதே பிரிவு பதிலிகளை விலக்கி வைத்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தால் பிறகு அவரைப் பதிலியாகக் கருதக் கூடாது என்று ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இன்னொரு வாசல். 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. 480 நாள் ஆகவிடாமல் வேலையை முறித்து முறித்துக் கொடுப்பதும், ஆளை ஒப்பந்தக்காரர் பெயருக்கு மாற்றுவதும் ஏன் என்று இப்போது புரியும்.

வரிசையில் யார் எங்கே?

காத்திருப்போர் வரிசையிலும் சாதி நிற்கிறது. பம்பாய் ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் தலித்துகளை விடவில்லை. தார் தீர்ந்ததும் புதுத் தார் மாட்டி, நாடாவின் துளை வழியாக நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவர் வாய் வைத்த நாடாவைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைக் கோரிக்கையாக எழுப்பினார். வர்க்க ஒற்றுமை பேசிய தலைவர்கள் அதைத் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொண்டார்கள்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் இன்னும் தெளிவாகப் பேசினார். தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகள் என்றார். தலித்துகள் தண்டவாளப் பராமரிப்பு கேங்மேன் வேலையோடு நிறுத்தப்படுவதை எடுத்துக் காட்டினார். போர்ட்டர் வேலைகூட ஏன் கிடைக்கவில்லை? ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையையும் போர்ட்டர்தான் பார்க்க வேண்டும், அந்த வீட்டுக்குள் தீண்டத்தகாதவர் நுழையக் கூடாது என்பதால்.

அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, தன்னை ஒதுக்கியவர்களையும் சேர்த்தே எல்லாத் தொழிலாளர்களுக்கும் சட்டம் செய்தார். சம்பளத்துடன் கூடிய விடுமுறை 1945 திருத்தத்தில் வந்தது. வாரம் 54 மணி நேர வேலை 48 ஆகக் குறைந்தது 1946 திருத்தத்தில். ஓய்வு என்பது தலித் அரசியலுக்கு வெளியே இருக்கும் விஷயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ரயில் ஓட்டுகிறவர்கள்

மதுரைக் கோட்டத்தில் நமக்குப் பக்கத்திலேயே வேறு ‘பைலட்’டுகள் இருக்கிறார்கள். ரயில் ஓட்டுநர்களுக்கு இன்று லோகோ பைலட் என்று பெயர். ஒரு காலத்தில் ‘கால் பாய்’ நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவார், இப்போது போன் எழுப்புகிறது. 1973இல் வேலைநிறுத்தம் செய்துதான் 10 மணி நேரப் பணி என்ற ஒப்புதலை அவர்கள் வாங்கினார்கள். அது காகிதத்தில் நின்றது. 1974 மே 8 அன்று தொடங்கிய மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜூனில் தென்னக ரயில்வே லோகோ பைலட்டுகள் ஒரு புதிய வழியைக் கையில் எடுத்தார்கள். 16 மணி நேரத் தலைமையிட ஓய்வும் 30 மணி நேர வார ஓய்வும் சேர்ந்து 46 மணி நேரம். அது எங்கள் உரிமை, அதை எடுத்துக்கொண்டே வருவோம் என்றார்கள். ரயிலை நிறுத்தவில்லை, ஓய்வை எடுத்தார்கள். அதற்கே ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது.

விதியே இல்லாத வேலை

விமானியின் களைப்பைப் பற்றி விதி இருக்கிறது, ஏனென்றால் பின்னால் 180 பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். தூய்மைப் பணியாளரின் களைப்பால் சாகப்போவது அவர் மட்டும்தான். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர் கழிவுநீர் உந்து நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் நச்சு வாயு தாக்கி இறந்தார்கள். இரவு நேரத்தில் மோட்டார் வேலைக்காகப் போனவர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. ஆனால் ‘இரவில் இத்தனை முறைக்கு மேல் அனுப்பாதே, இத்தனை மணி ஓய்வு கொடு’ என்று அவர்களுக்காக எழுதப்பட்ட விதிப்புத்தகம் எங்கே? ஒருவர் லீவு போட்டால் அவர் தெருவையும் பக்கத்துத் தெரு அம்மாவே பெருக்க வேண்டும் என்பதுதான் அங்கே ‘ரிசர்வ்’.

விமானியின் இருக்கையும் சாதி தீண்டாத இடமல்ல. ஏர் இந்தியா பொதுத்துறையாக இருந்தவரை அங்கே இட ஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று அது டாடாவிடம் போனதோடு அந்தக் கதவு மூடியது. 2025 ஜூனில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பயிற்சி விமானி ஒருவர், விமானம் ஓட்டத் தகுதியில்லை, செருப்புத் தைக்கப் போ என்று இழிவுபடுத்தியதாக இண்டிகோ அதிகாரிகள் மூவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார் கொடுத்தார். நிறுவனம் மறுத்தது. அந்தப் பயிற்சி விமானிக்கு ஓய்வு விதியும் வேண்டும், வன்கொடுமைச் சட்டமும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

எனவே தோழர்களே, விமானிகளின் கோரிக்கையை ஆதரிப்பதற்கு நமக்குத் தயக்கம் வேண்டாம். அவர்கள் வாங்கிய 48 மணி நேரத்தைக் காட்டித்தான் நம் தூய்மைப் பணியாளருக்கும் கேட்க முடியும். கேட்க வேண்டியவை மூன்று. லீவு போடுகிறவருக்கு மாற்றாகச் சம்பளத்துடன் கூடிய உபரிப் பணியாளர். இரவு வேலைக்கும் ஓய்வுக்கும் எழுத்து வடிவில் விதி. 480 நாள் முடித்தவருக்கு நிரந்தரம். உங்கள் வார்டில் வேலை செய்கிறவர்களிடம் வருகைப் பதிவேட்டைப் பற்றிக் கேளுங்கள், நாட்களை எண்ண உதவுங்கள். அந்தக் கணக்கு அவர்கள் கையில் இருந்தால்தான் சட்டம் அவர்கள் பக்கம் பேசும்.