பாதை ஏறிய மோட்டார் சைக்கிள்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, அத்துறையில் மோட்டார் சைக்கிள்கள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே கரை கடந்தன. (பாதை என்றதும் தரையை நினைப்போர் எம்மூரார் அல்லர்!) ஓட்டும்போது உணராத வண்டியின் எடையை, அதனைத் தள்ளி ஏற்றும்போது கைகள் உணர்ந்தன.

பழைய வண்டியின் எடையைக் குறைக்க வழிகள் உண்டு. முன்புறக் காவல் கம்பி, செயின் மூடி, இரும்பு மட்கார்ட் ஆகியவற்றைக் கழற்றினால் சில கிலோ குறையும். ஹொண்டா நிறுவனமோ 1958இல் சுப்பர் கப் வண்டிக்குக் கால்மறைப்பைப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது. எடை குறைப்பைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்ட கெட்டித்தனம் அது.

பந்தயக்காரர் பின்புறக் கரியரையும் கழற்றுவர். படுவான்கரை விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. நெல் மூடையை எங்கே ஏற்றுவது? போர்க்காலத்தில், 2007 வரை, வாவியே இரு அதிகாரங்களுக்கு எல்லையாகவும் இருந்தது. சோதனைச் சாவடியில் மூடையை இறக்கிக் காட்டி, மீண்டும் ஏற்ற வேண்டும். அங்கே கனத்தது வண்டி அன்று.

இப்போது மண்முனையில் வண்டியை விட்டு இறங்காமலே கரை கடக்கிறார்கள். கரியரை மட்டும் எவரும் கழற்றவில்லை.