மாற்றலும் மாற்றுச் சான்றிதழும்: டெல்லிக்குக் குடிபெயர்ந்தோர் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

அரசு ஊழியர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பப்படுவதைத் தமிழில் ‘மாற்றல்’ என்கிறோம். அவருடைய பிள்ளை பழைய பள்ளியிலிருந்து பெற்றுவரும் தாளுக்கு ‘மாற்றுச் சான்றிதழ்’ என்று பெயர். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. ஆயினும் முதலாவதைப் பெற்றவரின் பிள்ளைக்குத் தலைநகரில் திறந்த கதவுகள், இரண்டாவதை மட்டும் கையில் வைத்திருந்த பிள்ளைக்குத் திறக்கவில்லை. குடிபெயர்வு பற்றிய ஆய்வுகளில் வேலை, வீடு, கூலி ஆகியவை விரிவாகப் பேசப்படுகின்றன. பள்ளி பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அந்த அடிக்குறிப்பைச் சற்று விரித்துப் பார்க்கும் முயற்சியே இப்பதிவு.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு 12 டிசம்பர் 1911 அன்று வெளியாயிற்று. புது டெல்லி முறைப்படி திறக்கப்பட்டது 1931இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளிலும் அதற்குப் பின்னர் சில காலமும் அரசாங்கம் கோடையில் சிம்லாவிலும் குளிர்காலத்தில் டெல்லியிலுமாக இயங்கியது. கோப்புகளோடு எழுத்தர்களும் ஏறி இறங்கினார்கள். எழுத்தர்களோடு அவர்தம் குடும்பங்களும். ஆண்டுக்கு இருமுறை ஊர் மாறும் குழந்தைக்கு நிலையான பள்ளி எப்படி வாய்க்கும்? பள்ளியும் கூடவே இடம்பெயர்வதுதான் அக்காலம் கண்ட விடை. 1923இல் தோன்றிய மதராஸி கல்விச் சங்கத்தின் பள்ளி அவ்வாறே தொடங்கியது. வங்காள ஊழியர்களுக்கு ரைசினா வங்காளப் பள்ளி 1925இல் உருவாயிற்று.

‘மதராஸி’ என்ற சொல்லின் மீது மொழியியல் மாணவராகச் சற்று நிற்க விரும்புகிறேன். சங்கம் தோன்றிய நாளில் அச்சொல் சென்னை மாகாணத்தைக் குறித்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் என யாவரும் அதற்குள் அடக்கம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பிறகு அப்பொதுப்பெயர் அலுவல் வழக்கில் பொருளிழந்தது. டெல்லியில் ஆந்திரர், கன்னடர், கேரளர் ஒவ்வொருவருக்கும் தத்தம் கல்விச் சங்கங்களும் பள்ளிகளும் நிலைபெற்றன. பழைய மதராஸி சங்கம் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகமாயிற்று. இன்று அதன்கீழ் ஏழு பள்ளிகள் உள்ளன. அலுவல் வழக்கில் மறைந்த சொல் தெருவில் மறையவில்லை. அது எங்கே தங்கியது என்பதைப் பின்னர் காண்போம்.

இரண்டாம் பெரும் வருகை 1947இல். 1941இல் ஏறத்தாழ 9.18 லட்சமாக இருந்த டெல்லியின் மக்கள்தொகை 1951இல் 17.44 லட்சமானது. வந்தவர்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் பிரிவினையின் அகதிகள். இவர்களிடம் மாற்றலாணையும் இல்லை, பலரிடம் சான்றிதழும் இல்லை. ஆயினும் அரசு இவர்களைத் தன் பொறுப்பாக ஏற்றது என்பதைக் கவனிக்கவேண்டும். பள்ளிகள் கூடாரங்களில் நடந்தன. பகலில் வேலை தேடிய இளைஞர்களுக்காகப் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ‘முகாம் கல்லூரி’ டெல்லியில் மாலை வகுப்புகள் நடத்தியது. ஹன்ஸ்ராஜ் கல்லூரி 1948இல் தோன்றியது; கால்காஜியில் தேஷ்பந்து கல்லூரியை 1952இல் மறுவாழ்வு அமைச்சகமே நிறுவியது. லாகூரில் இருந்த தயாள் சிங் கல்லூரி டெல்லியில் மறுபிறவி எடுத்தது. இன்று நாம் ‘டெல்லிப் பல்கலைக்கழகம்’ என்று பொதுவாகச் சுட்டும் கல்லூரித் தொகுப்பின் ஒரு பெரும்பகுதி, குடிபெயர்ந்தோருக்கென எழுப்பப்பட்டதே. 1961இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் துர்காபாய் தேஷ்முக்கின் முன்முயற்சியில் நிறுவிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியையும் இவ்வரிசையில் வைக்கலாம். அங்கு அகதிகளின் இடத்தில் தென்னிந்திய ஊழியர் குடும்பங்கள்.

என் பார்வையில் மிக முக்கியமான திருப்பம் 1962இல் நிகழ்ந்தது. ராஜபுதனத்துக்காக 1929இல் ஏற்பட்ட தேர்வு வாரியம், 1952இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் என்ற பெயரைப் பெற்றிருந்தது. அதனை 1962இல் திருத்தியமைத்தபோது டெல்லியின் தனி வாரியம் அதனுள் கரைந்தது. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுடைய கல்வித் தேவை, திருத்தியமைப்பின் நோக்கங்களுள் ஒன்றாக வெளிப்படையாகவே கூறப்பட்டது. அதே ஆண்டில், இரண்டாம் ஊதியக் குழுவின் பரிந்துரையின் பேரில் மத்தியப் பள்ளித் திட்டம் ஏற்கப்பட்டது. 1963இல் 20 படைப்பிரிவுப் பள்ளிகளைக் கொண்டு தொடங்கிய அத்திட்டமே கேந்திரிய வித்யாலயா ஆயிற்று. இன்று 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள். ஒரே பாடத்திட்டம், ஒரே நூல், ஒரே நாட்காட்டி. சிம்லா மலையில் பள்ளி குடும்பத்தோடு நகர்ந்தது. இப்போது குடும்பம் எங்கே நகர்ந்தாலும் அதே பள்ளி அங்கே முன்கூட்டியே காத்திருந்தது.

இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை மறுப்பதற்கில்லை. கேந்திரிய வித்யாலயாவின் சேர்க்கை விதியில் கடந்த ஏழாண்டுகளில் பெற்றோர் பெற்ற மாற்றல்களின் எண்ணிக்கையே முன்னுரிமையை வரிசைப்படுத்துகிறது. ஊர் மாறும் துன்பம் அங்கே ஒரு தகுதியாகக் கணக்கிடப்படுகிறது. ஆனால் யாருடைய துன்பம்? கட்டட வேலைக்காக ஏழாண்டுகளில் ஐந்து நகரங்களைக் கண்ட கொத்தனாருக்கு ‘மாற்றல்’ என்ற ஒன்று கிடையாது. அவர் தாமே போனவர். மொழியின் நிலையும் எண்ணத்தக்கது. இந்தியும் ஆங்கிலமுமே பயிற்றுமொழிகள். தாய்மொழி, போதிய மாணவர் விரும்பினால் தற்காலிக ஆசிரியரைக் கொண்டு கற்பிக்கப்படும் கூடுதல் பாடம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு கூறுகிறது. எங்கும் ஒன்றாக இருக்கவேண்டிய பள்ளியில், இடத்துக்கு இடம் மாறும் ஒன்றுக்கு, அதாவது மொழிக்கு, இடம் ஒதுக்குவது கடினம். இது நிர்வாகிகளின் அலட்சியம் மட்டும் அன்று. ஏற்பாட்டின் தர்க்கமே அப்படி.

தனியார் பள்ளிகளின் கதையில் ஒரு சிறு நிகழ்வு போதும். 2013 டிசம்பரில் டெல்லித் துணைநிலை ஆளுநர் வெளியிட்ட மழலையர் சேர்க்கை நெறிமுறையில் மொத்தம் 100 புள்ளிகள்: 8 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் 70, உடன்பிறந்தவர் அங்கே படித்தால் 20, பெற்றோர் முன்னாள் மாணவரானால் 5, மாநிலம் விட்டு மாற்றலாகி வந்தவராயின் 5. தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற புகார்களையடுத்துப் பிப்ரவரி 2014 இறுதியில் அந்தக் கடைசி ஐந்து புள்ளிகள் நீக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு மாநகரம் புதிதாக வருபவருக்குத் தரும் மதிப்பை எண்ணால் அளக்க முடிந்த அரிய தருணம் அது. நூற்றுக்கு ஐந்து, பிறகு சுழியம்.

கல்லூரி வாசலில் கணக்கு வேறு. டெல்லித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 85 விழுக்காட்டு இடங்கள் டெல்லிப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களுக்கு. பிறந்த ஊர் அங்கே கேட்கப்படுவதில்லை, எங்கே படித்தாய் என்பதே கேள்வி. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையிலோ வெளிமாநிலத்தில் படித்த பிள்ளை பிறப்பிடச் சான்றிதழைத் தேடவேண்டும். ஆகவே குடிபெயரும் குடும்பம் எந்த ஆண்டில் பெட்டியைக் கட்டுகிறது என்பதே பிள்ளையின் கல்லூரியைத் தீர்மானித்துவிடுகிறது. பதினோராம் வகுப்புக்கு முன்பே டெல்லிக்கு வந்துவிடுங்கள் என்று உறவினர்கள் கூறும் அறிவுரைக்குப் பின்னால் இருப்பது இந்த 85.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாற்றலாணை இல்லாதவரையும் நினைத்துப் பார்த்தது. அதன் 5ஆம் பிரிவு, எக்காரணத்துக்காகவும் வேறு பள்ளிக்கு மாறும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையை மறுக்கலாகாது என்றும் கூறுகிறது. ஆனால் அதே பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளையும், கேந்திரிய வித்யாலயா போன்ற குறிப்பிட்ட வகைப் பள்ளிகளையும் அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. எஞ்சுவன மாநில, உள்ளாட்சிப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும்.

இனி ‘மதராஸி’ தங்கிய இடம். ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் தமிழ்க் கூலித் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த குடியிருப்புக்கு ‘மதராஸி கேம்ப்’ என்று பெயர். அங்கிருந்த பிள்ளைகள் பலர் படித்தது, அருகிலுள்ள லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில். எழுத்தர் பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கிய ஏற்பாடு, நூறாண்டு கழித்து வீட்டுப் பணியாளரின் மகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது. இக்கல்விக் கழகத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமையாகத் தோன்றும் பகுதி இதுவே.

டெல்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி 1 ஜூன் 2025 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்ககங்கள் ஒதுக்கப்பட்டன. அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. ஏழு தமிழ்ப் பள்ளிகளுள் ஒன்றும் நரேலாவில் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. டெல்லிப் பள்ளிகளுக்கு அது கோடை விடுமுறை. ஜூலைக்குள் பெற்றோர் முடிவெடுக்க வேண்டியிருந்தது: நாள்தோறும் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குழந்தையைப் பேருந்தில் அனுப்புவதா, அல்லது லோதி எஸ்டேட்டுக்குச் சென்று மாற்றுச் சான்றிதழ் கேட்பதா என்று.