செத்த காலேஜில் ஒரு மருத்துவமனை

கண்டாச்சிபுரத்திலிருந்து பேருந்தில் விழுப்புரம் போய், அங்கே ரயில் ஏறினால், திண்டிவனம், செங்கற்பட்டு வழியாக ஏறத்தாழ 160 கி.மீ. கடந்து எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு நடந்தே போய்விடலாம். உங்கள் பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருப்பீர்கள். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்த நினைவு இருக்கும். வெண்கலப் படிமக் கூடத்தில் எத்தனை நிமிடங்கள் நின்றீர்கள்?

1851-இல் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கப்பட்ட காட்சிச்சாலை இது. முதலில் ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது. 1854-இல் பாந்தியன் வளாகத்திற்கு வந்தது. பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் சேர்த்து வைத்திருந்தார். பின்னர் விலங்குகள் வேறிடம் போய்விட்டன. சென்னை மக்கள் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும், இதைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தார்கள். அந்தச் செத்த காலேஜில்தான் நோய்ப்பட்ட திருமேனிகளுக்கு வைத்தியம் நடந்தது. அந்தக் கதையைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

படிமங்கள் இங்கே வந்த வழியை முதலில் பாருங்கள். போர்க்காலங்களில் கொள்ளைக்கு அஞ்சிக் கோயில்களின் செப்புத் திருமேனிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைத்தவர்கள் மறைந்தார்கள், இடமும் மறந்துபோயிற்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின் கிணறு வெட்டும்போதோ ஏர் உழும்போதோ அவை வெளிப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்றது. அவ்வாறு அரசின் கைக்கு வந்த திருமேனிகள் பல இந்தக் கூடத்தை நிரப்பின. இது தஞ்சைப் பக்கத்துக் கதை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். விழுப்புரத்தை அடுத்த எசாலத்திலேயே 1980களில் சோழர் காலத் திருமேனிகளும் முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகளும் கிடைத்துள்ளன.

மண்ணுக்குள் இருந்தபோது படிமத்துக்கு என்ன நேர்ந்தது? நம் திருமேனிகளில் பெரும்பகுதி செம்பு. சிறிதளவு வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு செம்பைத் தாக்கிக் குப்ரஸ் குளோரைடாக மாற்றுகிறது. இது மேற்பரப்பில் தெரிவதில்லை. பச்சைப் படிவுக்கு அடியில், உலோகத்தை ஒட்டி ஒளிந்திருக்கும். புதைந்திருக்கும் வரை ஓரளவு அடங்கியும் இருக்கும்.

தோண்டி எடுத்த பிறகுதான் ஆபத்து. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே புகுந்தவுடன் குப்ரஸ் குளோரைடு வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று மீண்டும் குளோரைடைத் தருகிறது. வினை ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர். எழுநூறு ஆண்டு மண்ணில் கிடந்து தப்பிய விரலும் மூக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் உதிரக்கூடும். கடற்காற்று வீசும் சென்னையில் கேட்கவே வேண்டாம்!

மேலைநாடுகளிலும் இதே தொல்லைதான். பெர்லின் அருங்காட்சியகங்கள் 1888-இலேயே பிரீடிரிக் ராத்கென் என்ற வேதியியலாரை அமர்த்தின. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் மியூசியம் தன் பொருள்களைச் சுரங்க ரயில் பாதையில் ஒளித்து வைத்தது. போர் முடிந்து எடுத்துப் பார்த்தால் பல பொருள்கள் கெட்டுப்போயிருந்தன. அதன் பிறகே அங்கும் ஆய்வுக்கூடம் வந்தது.

சென்னையில் அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப். எச். கிரேவ்லி. இவர் விலங்கியலார். ஆனாலும் டி. என். இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932-இல் உலோகப் படிமங்களுக்கு விரிவான பட்டியல் நூல் வெளியிட்டார். பூச்சிகளை வகைப்படுத்திப் பழகிய கண் படிமங்களின் அணிகளையும் முத்திரைகளையும் வகைப்படுத்தியது போலும். அவர் காலத்தில், 1930-இல், இங்கே வேதியியல் பாதுகாப்புப் பணி தொடங்கியது. அதன் உயிர்நாடி எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுண்ணத்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் இவரே.

பரமசிவன் கையாண்டது மின்பகுப்பு முறை. பள்ளியில் நீங்கள் செய்யும் மின்முலாம் பூசும் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டியில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். படிமமே எதிர்மின்வாய், சுற்றிலும் நிற்கும் இரும்புத் தகடுகள் நேர்மின்வாய். சிறு மின்னோட்டத்தைப் பொறுமையாகச் செலுத்தவேண்டும். குளோரைடு அயனிகள் படிமத்தை விட்டு இரும்பை நோக்கி நகர்கின்றன. படிமத்தின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் கெட்டித்த படிவைத் தளர்த்துகின்றன; செம்பின் சேர்மங்கள் ஒடுக்கமடைகின்றன. பிறகு காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் மீண்டும் கழுவவேண்டும். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட்டுச் சொட்டினால் வெண்மையாகக் கலங்குகிறதா? இன்னும் குளோரைடு மிச்சமிருக்கிறது, மறுபடி கழுவுங்கள். படிவு நீங்கியதும் புதைந்திருந்த கண்ணிமைக் கோடும், பூணூலின் இழையும், சிலவேளை பீடத்து எழுத்தும் வெளிவரும்.

இம்முறையில் இழப்பும் உண்டு. காலம் பூசிய பச்சை, செந்நிறப் படலம் முழுதும் போய்விடும். அதனுடன் புதைந்திருந்த மண்ணைப் பற்றிய சான்றும் போகும். ஒடுக்கமடைந்து திரும்பி வந்த செம்பு, பழைய ஸ்தபதி வார்த்த செம்பு ஆகாது. எனவே பிற்காலத்தவர் கூடியமட்டும் படலத்தை நிறுத்திக்கொண்டு, நோயை மட்டும் அடக்கும் வேறு வேதிமுறைகளை நாடினார்கள். என்றாலும் 1930களில் பரமசிவன் முன் இருந்த வாய்ப்புகள் குறைவு. படலத்தை இழப்பதா, படிமத்தையே இழப்பதா என்ற நிலையில் அவர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர்களில் செப்புப் பொருள் கிடைத்தால் முதல் வேலையாகப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பார்கள். உப்பு என்பது என்ன? சோடியம் குளோரைடு! எந்த விஷத்தை எடுக்கப் பரமசிவன் நாட்கணக்காகப் பாடுபட்டாரோ, அதையே புளியின் அமிலத்தோடு சேர்த்து ஊட்டிவிடுகிறோம். நாளை உங்கள் வயலிலே ஒரு திருமேனி வெளிப்பட்டால், கழுவாமல், சுரண்டாமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி சொல்லுங்கள்.

அடுத்த முறை எழும்பூர் போகும்போது திருவாலங்காட்டு நடராசர் முன் சற்று நில்லுங்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வராமலே, இங்குள்ள நடராசர் படிமங்களின் ஒளிப்படங்களைக் கொண்டே 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். நமக்கு அந்தக் குறை இல்லை; நேரிலேயே பார்க்கலாம். முகத்தைப் பார்த்து முடித்ததும் பீடத்தின் மடிப்புகளையும் அணிகளின் இடுக்குகளையும் பாருங்கள். ஒட்டிப் பளபளக்கும் பச்சை இருந்தால் கவலையில்லை. வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அங்குள்ள காவலரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.