லயத்து அடுப்பில் நேர்ந்த மாற்றம்

இறப்பரும் தேயிலையும் ஓங்கிய சப்பிரகமுவத் தோட்டங்களில், தொழிலாளரின் உணவு நெடுங்காலம் தோட்டத்துக் கணக்கேட்டோடு பிணைந்திருந்தது. அரிசியைத் தோட்டமே வழங்கும். அதன் விலை சம்பளத்தில் கழியும். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்த 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரும் அரிசி சம்பளக் கணக்கின் ஓர் அங்கமாகவே இருந்தது.

1942இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன, பங்கீடு வந்தது, கோதுமை மா இரத்தினபுரி, கேகாலை லயங்களின் அடுப்பங்கரைகளுக்குள்ளும் புகுந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1973, 1974 ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நிகழ்ந்தன. கிடைத்த மாவே அன்று உயிர் காத்தது. விடியுமுன் சுட்டு முடிந்துகொண்டு மலையேற ரொட்டியைப்போல் வசதியான உணவும் வேறில்லை. ஆகவே இம்மாற்றத்தை அறியாமை என்று பழிப்பது நேர்மையன்று.

தீட்டிய அரிசியிலும் நார்ச்சத்து மிகுதியில்லை. அதன் தவிடு ஆலையிலேயே போய்விடுகிறது. ஆனால் சோறு தனியே உண்ணப்படுவதில்லை. கீரையும் பருப்பும் பலாக்கொட்டையும் உடன் வரும். ரொட்டிக்கோ ஒரு சம்பல் போதும். இழப்பு தானியத்தில் அன்று, கறியிலேதான் நேர்ந்தது.

உகண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பேர்க்கிற், நார்மிக்க உணவுண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரின் குடல் விரைவாக இயங்குவதை 1972இல் சக ஆய்வாளருடன் எடுத்துக்காட்டினார். மனிதக் குடல் செரிக்கமாட்டாத நாரைப் பெருங்குடலின் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. அப்போது பிறக்கும் பியூற்றிரிக் அமிலம் குடற்சுவரின் உயிரணுக்களுக்கு எரிபொருளாகிறது. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு சிறு பங்கு செரியாத வகையாக மாறுவதால், பழைய சோறும் அவற்றுக்குச் சிறிது இரையாகும்.

மருந்துக்கடை நார்த்தூள்கள் எல்லாம் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. இசப்கோல் உமி நீரை இழுத்து மலத்தை இளக்கும். பற்றீரியாக்கள் அதைக் குறைவாகவே உண்ணும். தண்ணீர் போதாவிடில் அதுவே அடைத்துக்கொள்ளவும் கூடும். சிக்கரி வேரின் இனியூலினோ பற்றீரியாக்களுக்கு நல்ல இரை. அளவு மிஞ்சினால் வயிறு ஊதும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. மழை மிகுந்த சப்பிரகமுவ மண்ணில் பலாவும் ஈரப்பலாவும் வல்லாரையும் தாராளமாக வளரும். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலமோ இன்றும் பெரும்பாலான குடும்பங்களுக்கு உரித்தானதன்று.