வானியல் ஒளிப்படத்தில் குவியமும் பின்குவிய இடைவெளியும்

தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி விண்மீன் திரள்களையும் நெபுலாக்களையும் படமெடுக்க இரண்டு தூரங்கள் சரியாக அமைய வேண்டும். முதலாவது, தொலைநோக்கியின் முதன்மை வில்லை அல்லது ஆடியிலிருந்து கேமராவின் உணரி வரையுள்ள தூரம். இதைச் சரிசெய்வது குவியப்படுத்தல். இரண்டாவது, புலத்திருத்தி வில்லைக்கும் உணரிக்கும் இடையிலான தூரம். இது பின்குவிய இடைவெளி. படமெடுப்போர் வழக்கில் பேக்ஃபோகஸ். மையத்து விண்மீன்களின் கூர்மை குவியப்படுத்தலைப் பொறுத்தது. மூலைகளில் இருப்பவற்றின் வடிவம் பெரிதும் இடைவெளியைப் பொறுத்தது. குவியப்படுத்தும் அமைப்பான ஃபோகஸரைத் திருப்பும்போது திருத்தியும் கேமராவும் ஒன்றாகவே நகர்வதால், இடைவெளியில் உள்ள பிழையைக் குவியப்படுத்திப் போக்க முடியாது.

புல வளைவு

வில்லைத் தொலைநோக்கி உருவாக்கும் பிம்பம் தட்டையான தளத்தில் விழுவதில்லை. கிண்ணம்போல் வளைந்த பரப்பில் விழுகிறது. சாதாரண இரட்டை வில்லைக் கருவியில் இந்த வளைவின் ஆரம், குவியத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். 500 மி.மீ. குவியத் தூரமுள்ள கருவியில் முழுச்சட்ட உணரியைப் பொருத்தினால், மையத்துக்கும் மூலைக்கும் குவியம் ஏறத்தாழ 1.3 மி.மீ. வேறுபடும். மையம் கூர்மையானால் மூலை மங்கும். மூலையைக் கூர்மையாக்கினால் மையம் மங்கும். இந்தப் பரப்பைத் தட்டையாக்குவது ஃபீல்டு ஃபிளாட்னர். குவியத் தூரத்தையும் சேர்த்துக் குறைப்பது ரெடியூசர். நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கிகளில் விண்மீன்களுக்கு வால் முளைக்கச் செய்யும் கோமாப் பிழையை நீக்கக் கோமா கரெக்டர் பயன்படுகிறது. பெட்ஸ்வால் வகைக் கருவிகளில் திருத்தும் வில்லைகள் குழாய்க்குள்ளேயே இருப்பதால் இடைவெளிக் கணக்குத் தேவையில்லை, குவியப்படுத்தினால் போதும்.

இடைவெளிக் கணக்கு

திருத்திகள் பலவற்றுக்கும் குறிக்கப்படும் இடைவெளி 55 மி.மீ. இது திருத்தியின் பின்புறத் திருகுமரையின் தோளிலிருந்து உணரி வரை அளக்கப்படுகிறது. டி-மவுண்ட் என்ற பழைய ஒளிப்பட இணைப்பு முறையிலிருந்து வந்த அளவு இது. கேனன் இஎஃப் வகை டிஎஸ்எல்ஆர் கேமராவில் முகப்பு வளையத்திலிருந்து உணரி வரை 44 மி.மீ.; 11 மி.மீ. தடிமனுள்ள டி-ரிங்கைச் சேர்த்தால் 55 ஆகிவிடும். நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ. இருப்பதால் 8.5 மி.மீ. வளையம் வேண்டும். வானியலுக்கென்றே செய்யப்படும் குளிரூட்டிய கேமராக்கள் பலவற்றில் உணரி 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது; 21 மி.மீ., 16.5 மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் இரண்டைச் சேர்த்தால் 55 கிடைக்கும். வடிகட்டிச் சக்கரமும், வழிகாட்டும் கேமராவுக்கு ஒளியைப் பிரித்தனுப்பும் பக்கவழிகாட்டியும் இருந்தால் அவற்றின் தடிமனை ஸ்பேசரிலிருந்து கழிக்க வேண்டும்.

எல்லாக் கருவிகளுக்கும் 55 பொருந்தாது. செலஸ்ட்ரான் எட்ஜ்எச்டி 8 அங்குலக் கருவிக்கு 133.35 மி.மீ.; அதே வரிசையின் 9.25, 11, 14 அங்குலக் கருவிகளுக்கு 146.05 மி.மீ.

திருத்திக்கும் உணரிக்கும் நடுவே வடிகட்டி இருந்தால், கண்ணாடியில் ஒளி விலகுவதால் குவியம் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பின்னே தள்ளிப்போகும். 2 மி.மீ. வடிகட்டி இருந்தால் 55க்குப் பதில் சுமார் 55.7 மி.மீ. வேண்டும்.

பிழையை அறிதல்

இடைவெளி தவறினால் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி பாதிக்கப்படும். பெரும்பாலான வில்லைத் தொலைநோக்கித் திருத்திகளில், மூலை விண்மீன்கள் மையத்திலிருந்து வெளியே பாயும் கோடுகள்போல் நீண்டிருந்தால் உணரி திருத்திக்கு மிக அருகில் இருக்கிறது. மையத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் நீண்டிருந்தால் மிகத் தள்ளி இருக்கிறது. அரை மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின் மீண்டும் குவியப்படுத்திப் படமெடுத்து ஒப்பிடுவது வழக்கம். ஒரு பக்கம் அல்லது ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அதற்கு இடைவெளி காரணமன்று. உணரி சாய்ந்திருப்பதோ ஃபோகஸர் தொய்வதோ காரணமாகலாம்.

நியூட்டன் வகையில் வேறொரு சிக்கலும் உண்டு. கண்வில்லைக்கென அமைந்த குழாயில் பிம்பம் ஃபோகஸருக்கு மிக அருகிலேயே விழுவதால், அந்த இடத்துக்குக் கேமராவின் உணரி எட்டாது. உயரம் குறைந்த ஃபோகஸரை மாட்டுவதும் முதன்மை ஆடியைக் குழாயில் முன்னே நகர்த்துவதும் இதற்குத் தீர்வு.

குவிய எல்லை

விண்மீன் புள்ளியாகத் தெரிய உணரி இருக்கக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. எஃப் எண்ணின் (குவியத் தூரத்தை முதன்மை வில்லை அல்லது ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) வர்க்கத்தை ஒளியின் அலைநீளத்தாலும் 4.88ஆலும் பெருக்கினால் அதன் மொத்த அகலம் கிடைக்கும். பச்சை ஒளிக்கு எஃப்/10இல் இது 268 மைக்ரான், எஃப்/5இல் 67 மைக்ரான், எஃப்/2இல் 11 மைக்ரான் மட்டுமே. எஃப் எண் பாதியானால் எல்லை கால்பங்காகும். எஃப் எண் குறைந்த வேகமான கருவிகளைக் கையால் குவியப்படுத்துவது கடினமாவது இதனால்தான்.

குவியப்படுத்தும் முறைகள்

ரஷ்ய ஆர்வலர் பாவெல் பாஹ்டினோவ் 2005இல் வடிவமைத்த மறைப்புத் தகடு இன்று பரவலாகப் பயன்படுகிறது. மூன்று திசைகளில் கீற்றுகள் வெட்டிய அந்தத் தகட்டைத் தொலைநோக்கியின் வாயில் வைத்துப் பிரகாசமான விண்மீனைப் பார்த்தால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளின் நட்டநடுவே மூன்றாவது கோடு வந்தால் குவியம் சரி. படமெடுக்கும் முன் தகட்டை எடுத்துவிட வேண்டும்.

மோட்டார் பொருத்திய ஃபோகஸரைக் கணினி தானே இயக்கும் முறையில், விண்மீன் ஒளியின் பாதி அடங்கும் வட்டத்தின் விட்டம் ஒவ்வொரு நிலையிலும் அளக்கப்படுகிறது. லாரி வெபர், ஸ்டீவ் பிரேடி ஆகியோர் 2001இல் விவரித்த அளவு இது. அளவுகளை வரைபடமாக்கினால் வி வடிவம் கிடைக்கும். அதன் அடிப்புள்ளியே குவியம். பற்சக்கரங்களின் தளர்வு கணக்கைக் கெடுக்காமலிருக்க, கடைசி நகர்வு எப்போதும் ஒரே திசையில் செய்யப்படுகிறது. முதன்மை ஆடியை நகர்த்திக் குவியப்படுத்தும் ஷ்மிட்-காசெக்ரெய்ன் கருவிகளில் அந்தக் கடைசி நகர்வு ஆடியை மேல்நோக்கித் தள்ளுவதாக இருந்தால் ஆடி சரிந்து விலகுவது குறையும்.

வெப்பநிலை

500 மி.மீ. நீள அலுமினியக் குழாய் 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 115 மைக்ரான் சுருங்கும். இது எஃப்/5 கருவியின் குவிய எல்லையைவிட அதிகம். ஆகவே மாலையில் சரியாக இருந்த குவியம் நள்ளிரவில் விலகியிருக்கும். கார்பன் இழைக் குழாய்கள் இதைவிட மிகக் குறைவாகவே சுருங்குகின்றன. வெப்பநிலை ஒன்றிரண்டு பாகை மாறும்போதும், வடிகட்டியை மாற்றும்போதும் மீண்டும் குவியப்படுத்துவது நடைமுறை. பின்குவிய இடைவெளியை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், இணைப்பில் ஏதாவது மாறும்வரை அதைத் தொட வேண்டியதில்லை.