தகடு ஏன் முறிந்தது?

2004-ல் எங்க பெரியப்பா மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஏழாம் மாதம், விழாமலே, நடக்கும்போது அந்தத் தகடு இரண்டாகப் போயிற்று. "மட்டமான இரும்பை வெச்சுட்டான்" என்றது வீட்டில் ஒரு கட்சி. "காலை ஊன்ற அவசரம் என்ன?" என்றது இன்னொன்று. பெரியப்பா குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். உலோகத் தொழிலில் இருந்தவன் நான். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

இரும்பைத் திட்டுவது ஒரு காலத்தில் நியாயந்தான். லண்டனில் ஆர்பத்நாட் லேன் 1890-களில் உடைந்த எலும்பைத் திறந்து எஃகுத் திருகாணியால் பிணைத்தார். பிறகு தகடும் வைத்தார். உடம்பின் உப்பு நீரில் அந்த எஃகு துருப்பிடித்தது, முறிந்தது. 1912-ல் பிட்ஸ்பர்க்கில் ஷெர்மன் வனேடியம் எஃகுக்கு மாறினார். வலு கூடிற்று, துரு போகவில்லை. இரண்டுவகை உலோகம் சேர்ந்தால் உடம்புக்குள்ளேயே பாட்டரி மாதிரி மின்னோட்டம் உண்டாகிறது என்று வெனபிளும் ஸ்டக்கும் 1937-ல் காட்டினார்கள். அதன்பின் துருப்பிடிக்காத கலவைகள் நிலைத்தன.

துரு ஒழிந்தும் முறிவு ஒழியவில்லையே! காரணம் நடையில் இருக்கிறது. உடல் பாரம் தொடை எலும்பின் நடுவே நேராக இறங்குவதில்லை. இடுப்பு மூட்டு உள்பக்கம் தள்ளியிருப்பதால் எலும்பு வெளிப்பக்கம் வளையப் பார்க்கும். தகடு இருப்பது வெளிப்பக்கம். எதிர்ப்பக்கம் எலும்பு முட்டுக்கொடுத்தால் சுமை பங்காகும். அங்கே இடைவெளி விழுந்தால் ஒவ்வொரு அடிக்கும் தகடுதான் வளையும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிகிறதே, அதே கதை; இங்கே வளைவு கண்ணுக்குத் தெரியாது, எண்ணிக்கையோ லட்சக்கணக்கு. எலும்பு சீக்கிரம் சேர்ந்தால் தகடு பிழைக்கும்.

ஜெர்மனியின் கீல் நகரில் குன்ட்ஷர் 1939 நவம்பரில் நீண்ட ஆணியை எலும்பின் மஜ்ஜைக் குழாய்க்குள்ளேயே செலுத்தினார். நடுவில் இருப்பதால் வளைவு குறைவு. போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் எக்ஸ்ரேயில் அதைக் கண்டு அவர்கள் நாட்டு டாக்டர்கள் திகைத்தார்களாம். எலும்பு சேராவிட்டால் ஆணியும் ஒடியும், பெரும்பாலும் திருகாணித் துளையில்.

பெரியப்பாவுக்கும் அடுத்து ஆணிதான். பழைய எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் பிடித்தேன். தகட்டுக்கு எதிரே முதல் மாதம் தெரிந்த இடைவெளி ஆறாம் மாதமும் அப்படியே. காட்டினேன்.

"டாக்டர் நடக்கச் சொன்ன பிறகுதாண்டா நடந்தேன்" என்றார் பெரியப்பா. அதை அவர் சொன்னது அன்றுதான் முதல் தடவை.