ஆழ்மணற் படுகை

கடல்நீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டைக் குறைக்க 10 முதல் 15 செ.மீ. தடிமனில் பரப்பப்படும் நுண்மணல் அடுக்கு. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாலான அரகோனைட் மணலே பயன்படுகிறது. மீன்கழிவு, மிஞ்சிய தீனி ஆகியவற்றிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மேலடுக்கின் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் அற்ற அடியடுக்கில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்குகின்றன. மணலுக்கடியில் நீர் நிறைந்த இடைவெளி விடும் வகையை, மொனாக்கோவில் பணியாற்றிய பிரெஞ்சு உயிரியலாளர் ழான் ஜோபேர் உருவாக்கினார்.

படுகை முதிரப் பல வாரங்கள் ஆகும். புழுக்களும் சிறு நத்தைகளும் மேல்மணல் இறுகாமல் காக்கின்றன. முதிர்ந்த படுகையை ஆழமாகக் கிளறினால், அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்பைடு நீரில் கலந்து உயிர்களைக் கொல்லக்கூடும். படுகை இருந்தாலும் அளவான தீனியும், அவ்வப்போது நீரின் ஒரு பகுதியை மாற்றுவதும் தேவை.